எறும்பு என்றுதான் சொன்னேன்

எனக்கு மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் என் வீட்டார், நான் மத்தியானம் என்ன சாப்பிட்டேன் என்று கூடி நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். வரட்டும். அந்த ஆத்திரம்தான் என்னை உயிரோடு வைத்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அது நடந்தது கொழும்புத் துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனையில், நான் பிறந்து வளர்ந்த வீட்டில். கல்யாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்து பல வருடமாகியும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நான் அங்கேதான் போவேன். பூசை முடிந்ததும் அம்மாவின் கையால் சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் வீடு திரும்புவது வழக்கம். அன்றைக்கு அம்மா கணவாய்க் கறி வைத்திருந்தார். நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். சாப்பிட்ட கையோடு, வெள்ளவத்தைக்குக் கொண்டுபோகக் கொஞ்சம் முருங்கையிலை முறிப்போம் என்று முன்முற்றத்துக்குப் போனேன். மதிலோரம் நிற்கும் அந்த முருங்கையில் ஒரு கொப்பு காய்ந்து போயிருந்தது. அதைப் பிடித்து வளைத்தபோது புறங்கையில் சுரீரென்று ஒன்று கொட்டியது. பார்த்தால் நீளமான ஓர் எறும்பு. தலையும் பின்பக்கமும் கறுப்பு, நடு உடம்பு மட்டும் செங்கல் நிறம். சின்ன வயதில் அந்த மரத்தில் ஏறும்போது எத்தனையோ தரம் கொட்டு வாங்கியிருக்கிறேன். அதனால் உதறிவிட்டு இலையைத்தான் பார்த்தேன்.

முதலில் உள்ளங்கை அரித்தது. பிறகு உள்ளங்கால். பிறகு தலைமயிருக்குள் யாரோ மிளகாய்த்தூளைக் கொட்டியதுபோல எரிந்தது. வீட்டுக்குள் வருவதற்குள் உதடு தடித்துவிட்டது. வயிறு பிசைந்தது. இவற்றையெல்லாம் விட மோசமானது, எனக்கு ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்று உடம்பு முழுவதும் பரவிய ஒரு பயம். நான் பயந்த சுபாவம் உள்ளவள் இல்லை. அந்தப் பயம் என்னுடையதே இல்லை, அதுவும் நோயில் ஒரு பகுதி என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

எறும்பு கொட்டியது என்று சொன்னேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார், மேசையில் இருந்த கறிச்சட்டியைப் பார்த்தார், கணவாய் என்று முடிவு செய்துவிட்டார். என்னைக் கதிரையில் நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். சோடாவை உடைத்து வாயில் ஊற்றினார்கள். நான் சத்தி எடுத்தபோது, கணவாய் வெளியே வருகிறது, இனிப் பயமில்லை என்று அண்ணி சந்தோஷப்பட்டார். எனக்குக் கண் இருண்டது. அதன் பிறகுதான் ஓட்டோ பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு என்னை மீட்டார்கள். என்ன நடந்தது என்று டொக்டர் கேட்டதற்கு, செய்தி கேட்டு ஓடிவந்த என் கணவர், அம்மா, அண்ணி மூவரும் கணவாய் என்றே பதில் சொன்னார்கள். எறும்பு என்று நான் படுக்கையில் கிடந்தபடி திரும்பவும் சொன்னேன். மயக்கத்தில் உளறுகிறாள் என்று அம்மா என் நெற்றியைத் தடவிவிட்டார்.

வெள்ளவத்தைக்குத் திரும்பினால் அங்கே மாமி காத்திருந்தார். என் கணவரின் தாய். யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். யுத்த காலத்தில் இங்கே வந்து, கடலுக்குப் போகும் ஒழுங்கையில் நாலாம் மாடியில் எங்களோடு இருக்கிறார். மாமி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவரோடு சண்டை பிடிப்பது சுலபமாக இருந்திருக்கும். எனக்கு ஒன்று என்றால் நித்திரை கொள்ளமாட்டார். ஆனால் அவருக்கு ஒரு விடை வந்துவிட்டால் அதற்குப் பிறகு கணக்கைத் திருப்பிச் செய்து பார்க்கமாட்டார்.

மாமியின் விடை கிரந்தி. யாழ்ப்பாணத்துச் சமையலறையில் அந்தச் சொல்லை எதிர்த்து ஒருவரும் வழக்காட முடியாது. உடம்பில் அரிப்பு, தடிப்பு, சொறி எது வந்தாலும் அது ஏதோ ஒரு சாப்பாட்டின் கிரந்தி. எந்தச் சாப்பாடு என்பது மட்டும்தான் கேள்வி. கணவாய் அன்றைக்கே நின்றது. கணவாய் நின்றால் இறாலுக்கு என்ன வேலை என்று அதையும் நிறுத்தினார். பிறகு நண்டு. பிறகு சூரை மீன். அன்னாசியும் கிரந்திதானே என்று ஒருநாள் திடீரென்று அதுவும் போனது. துறைமுகத்துப் பக்கம் பிறந்தவளுடைய சோற்றுக் கோப்பையில் கடலே இல்லாமல் போய்விட்டது. நான் எறும்பைப் பற்றிப் பேச்செடுத்தால் மாமி சிரிக்கமாட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பொறுமையாக விளங்கப்படுத்துவார்.

"எங்களுக்கும்தான் எறும்பு கடிக்குது, பிள்ளை. நாங்கள் செத்தே போனம்?"

உண்மைதானே. அந்த எறும்பு கொட்டினால் அம்மாவுக்கு ஒரு தடிப்பு வரும், அண்ணா எச்சில் தொட்டுப் பூசுவார், அவ்வளவுதான். நான் மட்டும் எப்படிச் சாவேன்? பதில் இல்லாததால் அவித்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டேன். ஆனால் நம்பவில்லை. என் கையில் கொட்டியது எது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த கொட்டு ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம். கிறிஸ்தவளான நானும் மாமிக்காக அன்றைக்கு மச்சம் தொடமாட்டேன். சோறு, பருப்பு, கீரை, கத்தரிக்காய்ப் பால்கறி. பின்னேரம் மழை இருட்டியது. காயப்போட்ட உடுப்புகளை எடுக்க மொட்டைமாடிக்கு ஓடினேன். பக்கத்து வளவுப் பலாமரத்தின் பட்டுப்போன கொப்பு ஒன்று எங்கள் மாடிச் சுவரில் சாய்ந்து கிடந்தது. சுவரில் விரித்திருந்த தலையணை உறைகளை அள்ளித் தோளில் போட்டபோது கழுத்தில் அதே சுரீர்.

இந்த முறை நான் உதறவில்லை. கையால் அமத்திப் பிடித்தேன். பொத்திய கையோடு படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன், நிற்க முடியவில்லை. கதவைத் திறந்த கணவரிடம் கையை விரித்துக் காட்டினேன். நசிந்தும் நசியாமலும் அது கிடந்தது. கறுப்பு, செங்கல், கறுப்பு. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். என்னை நம்பிய முதல் மனிதர் அவர். தாமதமாக நம்பினார் என்று நான் இன்றைக்கும் குத்திக்காட்டுவேன், ஆனாலும் நம்பினார். மருந்துக் குளிசைப் போத்தல் ஒன்றைக் காலியாக்கி அதற்குள் எறும்பைப் போட்டு மூடிவிட்டுத்தான் என்னைத் தூக்கினார்.

சைவம் சாப்பிட்ட அன்றைக்கும் இது வந்திருக்கிறதே என்று மாமி யோசிப்பார் என எதிர்பார்த்தேன். மாமி யோசித்தார். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து நன்றாக யோசித்துவிட்டு, கத்தரிக்காய் என்றார்.

நான் சேலைன் ஏறிக்கொண்டிருந்த கையோடு சிரித்தேன். சிரிப்பு நிற்காமல் அழுகையானது. நேர்ஸ் வந்து எனக்கு என்ன என்று கேட்டார். செத்துப்போனாலும் என் செத்தவீட்டில் வருகிறவர்களுக்கு இவர்கள் கத்தரிக்காய் என்றுதான் சொல்லப் போகிறார்கள், அந்த எறும்பு முருங்கையில் நிம்மதியாக இருக்கப் போகிறது என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு முடிவெடுத்தேன். நான் கத்தரிக்காயால் சாகமாட்டேன். எறும்பாலும் சாகமாட்டேன்.

கணவர் விசாரித்து ஒவ்வாமைக்கென்று இருக்கும் டொக்டரைக் கண்டுபிடித்தார். அவர் ஒரு சிங்களப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். நாங்கள் ஆங்கிலத்தில் கதைத்தோம். நான் வணக்கம்கூடச் சொல்லாமல் போத்தலை மேசையில் வைத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இவரை எனக்குத் தெரியும் என்றார். சிங்களத்தில் அந்த எறும்புக்கென்று தனிப் பெயரே இருக்கிறதாம். அது கொட்டி உயிர் போகும் நிலைக்கு வந்தவர்களை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். எனக்கு அந்த மேசையைத் தாண்டி அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

அவர் சொன்னவற்றில் ஒன்று மாமியின் கேள்விக்குப் பதிலாக இருந்தது. இந்த எறும்பு கடிப்பதில்லை, குளவியைப் போலப் பின்பக்கத்தால் கொட்டுகிறது. அந்த விஷம் எல்லோருக்கும் வலிக்கும், தடிக்கும். ஆனால் ஒரு சிலருடைய உடம்பு, முன்பு வாங்கிய கொட்டுகளை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த தரம் கொட்டும்போது பெரிய எதிரி வந்துவிட்டது என்று எண்ணித் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் கொண்டு சண்டைக்கு இறங்கிவிடுகிறது. ஆளைக் கொல்லப் பார்ப்பது விஷமல்ல, அந்தச் சண்டைதான். என் உடம்பு என்னைப் போலவே சண்டைக்காரி என்று கணவர் தமிழில் முணுமுணுத்தார். நான் அதைக் கேட்காத மாதிரி இருந்தேன்.

பிறகு டொக்டர் செய்ய வேண்டியதைச் சொன்னார். இங்கே இந்த எறும்புக்கு நிரந்தரச் சிகிச்சை இல்லை, ஆகவே ஆயத்தமாக இருப்பதுதான் வழி. காய்ந்த கொப்புகளை வெட்ட வேண்டும், வெறுங்கையால் தொடக்கூடாது. கொட்டிய பிறகு மூச்சு முட்டினால், தலை சுற்றினால், சத்தி வந்தால் முதல் வேலை அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத்தில், உடுப்புக்கு மேலாலேயே குத்தலாம். அலர்ஜிக் குளிசை அரிப்புக்குத்தான், உயிரைக் காப்பாற்றாது. ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். தூக்கி நிறுத்தினால், நடக்கவிட்டால் அந்த இடத்திலேயே உயிர் போகலாம். ஊசி போட்டுச் சுகமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், திரும்பவும் வரக்கூடும். கொட்டாஞ்சேனையில் என்னைக் கதிரையில் நிமிர்த்தி வைத்துச் சோடா பருக்கிய காட்சி எனக்கு நினைவு வந்து உடம்பு கூசியது.

இரத்தத்தில் பார்த்தார்கள், தோலிலும் பார்த்தார்கள். மீன், கணவாய், இறால் எதுவும் எனக்குப் பகை இல்லை. இருந்தாலும் கணவாயை முதலில் தன் கண்ணெதிரில் சாப்பிடும்படி டொக்டர் சொன்னார். அம்மாவிடம் கேட்டால் அழுவார் என்று நானே காலையில் சமைத்து, டப்பாவில் கட்டிக்கொண்டு வார்ட்டுக்குப் போனேன். கட்டிலில் சப்பணம் கொட்டி இருந்து, நேர்ஸ் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு துண்டாகக் கணவாய்க் கறி சாப்பிட்டேன். துண்டுக்குத் துண்டு என் கையைப் பிடித்து நாடி பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்த வார்ட் முழுவதும் மிளகுத்தூள் போட்டுப் பிரட்டிய கணவாயின் வாசம். என் வாழ்நாளில் அவ்வளவு ருசியாக எதையும் சாப்பிட்டதில்லை. நேர்ஸ் கடைசியில் எப்படிச் சமைத்தது என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சாப்பிடுவது வேறு என்றார்.

"கிரந்தி எண்டால் உடன வராது, பிள்ளை. உடம்புக்குள்ள கிடந்து கிடந்துதான் வரும்."

அடுத்த நாளே நான் வெள்ளவத்தைச் சந்தையில் கணவாய் வாங்கி வந்து மாமியின் சட்டியில், மாமியின் அடுப்பில் சமைத்தேன். கணவரும் மாமியும் மேசையில் எனக்கு எதிரே இருந்து, நஞ்சு குடிப்பவளைப் பார்ப்பதுபோல நான் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். நான் வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிட்டேன். விரலைச் சூப்பினேன். அதற்குப் பிறகு இறால். பிறகு நண்டு. மாமியின் தடைகளை ஒவ்வொன்றாக உடைத்துக் கோப்பையில் போட்டேன். கத்தரிக்காயை மட்டும் மாமி வாங்கவே இல்லை.

ஆனால் சாப்பாட்டில் வென்றது பெரிய விஷயம் இல்லை. அடுத்த தரம் கொட்டும்போது என் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் விஷயம். அவர்கள் சமையலறையைப் பார்த்து ஓடினால் நான் போய்விடுவேன். அட்ரினலின் நிரப்பிய ஊசிப்பேனா இங்கே சுலபத்தில் கிடைக்காது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள், இங்கே வந்த ஒருவரிடம் இரண்டைக் கொடுத்தனுப்பினார். கூடவே ஊசி இல்லாத, பழகிப் பார்க்கிற பேனா ஒன்றும் வந்தது. நான் அதை மேசையில் வைத்துப் பாடம் நடத்தத் தொடங்கினேன். மூடியைக் கழற்று, தொடையில் வைத்து அழுத்து, சத்தம் கேட்டாலும் எடுக்காதே, பிடித்துக்கொண்டிரு. கணவர் என் தொடையிலும் தன் தொடையிலும் குத்திக் குத்திப் பழகினார். மாமி அதைத் தொடமாட்டேன் என்றுவிட்டார்.

"விளக்கு வைக்கிற நேரத்தில அறம் பாடாதை பிள்ளை. வராததை ஏன் வா வா எண்டு கூப்பிடுறாய்?"

நடக்கக்கூடாததை வாயால் சொன்னால் நடந்துவிடும் என்பது அவருடைய பயம். எனக்குக் கோபம் வந்தது. நான் வா என்று கூப்பிட்டா அது வந்தது என்று கேட்டேன். மாமி எழுந்து போய் விளக்கைத் தூண்டினார். ஆனாலும் நாங்கள் பழகும் நேரமெல்லாம் மேசையின் மறுமுனையில் வந்து இருப்பார், பேப்பர் வாசிப்பதுபோல. ஒருநாள் கணவர் பேனாவைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார். மாமி பேப்பரை இறக்காமலேயே, பெருவிரலை நுனியில் வைத்தால் மருந்து உன் விரலுக்குள்தான் ஏறும் தம்பி என்று மகனுக்குச் சொன்னார். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளின் கொப்பியில் பிழை திருத்தியவரால் ஒரு பிழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. எனக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். மொட்டைமாடிக்குப் போகாதே. கொட்டாஞ்சேனைக்குப் போகாதே, அம்மாவை இங்கே கூப்பிடு. மரமுள்ள வீதியால் நடக்காதே. சொன்னவர்கள் அன்பால்தான் சொன்னார்கள். ஆனால் ஓர் எறும்புக்காக நான் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தால் அது கொட்டாமலேயே என்னை வென்றுவிட்டது என்றல்லவா அர்த்தம். நான் முழுக்கைச் சட்டை போட்டேன், சப்பாத்துப் போட்டேன், கைப்பையில் இரண்டு பேனாவையும் வைத்தேன், போகவேண்டிய இடமெல்லாம் போனேன். அண்ணாவை விட்டு முருங்கையின் காய்ந்த கொப்புகளை வெட்டவைத்தேன். மரத்தையே தறித்துவிடுகிறேன் என்றார் அவர். மரத்தோடு எனக்குக் கோபம் இல்லை என்று தடுத்தேன்.

பிறகு எங்கள் கோயில் திருநாள் வந்தது. கொட்டாஞ்சேனையில் திருநாள் என்றால் புனிதரின் சுரூபத்தைத் தேரில் வைத்து ஒழுங்கை ஒழுங்கையாகக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு வீட்டாரும் வாசலில் மெழுகுதிரியும் பூவுமாக நிற்பார்கள். அந்த வருடம் மாமியும் எங்களோடு வந்திருந்தார், சம்பந்தி வீட்டுத் திருநாளுக்கு எத்தனை தரம்தான் சாட்டுச் சொல்வது என்று. மத்தியானம் அம்மா கணவாயும் இறாலும் வைத்திருந்தார், நான் இரண்டும் சாப்பிட்டேன். ஒழுங்கைக்குக் குறுக்கே தோரணக் கயிறு கட்டியிருந்தார்கள். அதன் ஒரு முனை எங்கள் முருங்கையில் இருந்தது. தேர் வரும் மேளச்சத்தம் கேட்டதும் எல்லோரும் வாசல் படலைக்குப் போனார்கள். உள்ளே இரு என்று அம்மா சொன்னார். என் வீட்டு வாசலில் நின்று நான் பூப்போடாமல் யார் போடுவது என்று நானும் போனேன். வெடி கொளுத்தினார்கள். யாரோ கயிற்றை உயர்த்த இழுத்தார்கள். மரம் ஆடியது. சேலை உடுத்திக் கழுத்துத் திறந்திருந்த நாள் அது ஒன்றுதான்.

கொட்டிய அந்தக் கணமே எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற மாமியின் கையைப் பிடித்து, எறும்பு என்றேன். மாமி என் கழுத்தைப் பார்த்தார், கையை வைத்தார். நான் ஒழுங்கைப் பக்கம் திரும்பினேன். தேரும் சனமும் ஒழுங்கையை அடைத்துக்கொண்டு வந்தன. வாகனம் ஒன்றும் உள்ளே வர முடியாது, வெளியே போகவும் முடியாது. அண்ணா தேரோடு போயிருந்தார். கணவர் சனத்துக்கு அந்தப் பக்கம் நின்றார். உள்ளங்கை அரிக்கத் தொடங்கிவிட்டது.

முன்னறைக்குள் வந்து நிலத்தில் விழுந்தேன். விழுந்தேனா படுத்தேனா தெரியாது. அம்மா கத்திக்கொண்டு வந்தார். கணவாய் சமைத்த தன் கையை வெட்ட வேண்டும் என்று அழுதார். யாரோ என் கக்கத்துக்குள் கைபோட்டுக் கதிரைக்குத் தூக்கினார்கள். சோடா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. தொண்டை இறுகி எனக்குச் சத்தம் வரவில்லை. கைப்பையைத் திறக்கப் போன விரல்கள் தடித்து, ஸிப்பைப் பிடிக்க முடியாமல் வழுக்கின. எல்லாம் முதல் தரம் மாதிரியே நடக்கிறது, இவ்வளவு கத்தியும் ஒன்றும் மாறவில்லை என்று நினைத்தேன். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் கூடுதலாக இருந்தது.

"தூக்க வேண்டாம். விடுங்கோ, அவள் படுக்கட்டும்."

வகுப்பறைக் குரல். எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். மாமி என் பக்கத்தில் முழந்தாளிட்டார், முழங்கால் வருத்தத்தில் கோயிலில்கூடக் கதிரை கேட்பவர். கைப்பையை நிலத்தில் கொட்டினார். ஒருநாளும் தொட்டிராத பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, விரல்களைச் சுற்றிப் பிடித்து, சேலைக்கு மேலால் என் தொடையில் அழுத்தினார். அவர் வாய்க்குள் எண்ணுவது எனக்குக் கேட்டது. வெளியே புனிதரின் தேர் எங்கள் வாசலைக் கடந்தது. சோடாவோடு நின்ற அண்ணியிடம், அதைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டுத் தேரை மறிக்கச் சொல், வழி வேண்டும் என்று மாமி சொன்னார்.

தேரை நிறுத்தினார்கள். சனத்துக்குள்ளால் கணவரும் அண்ணாவும் என்னைப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஓட்டோவில் என் தலை கணவரின் மடியில், கால்கள் மாமியின் மடியில். மருமகளின் கால் மாமியின் மடியில் கிடப்பது எங்கள் சனத்தில் நினைத்தும் பார்க்க முடியாத ஒன்று. நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். மாமி இரண்டு கணுக்காலையும் இறுக்கிப் பிடித்து, தன் தோள் உயரத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டார். மற்றப் பேனாவைத் தன் மடியில் வைத்திருந்தார். மூச்சு மெல்ல மெல்ல வழி கண்டுபிடித்து உள்ளே வந்தது. அவ்வளவு தூரமும் ஒருவரும், நான் என்ன சாப்பிட்டேன் என்று கதைக்கவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஓர் இளம் டொக்டர் வந்தார், மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழ்ப் பையன். நாடி பார்த்தார், ஊசி போட்டது யார் என்று கேட்டார், நல்ல வேலை செய்தீர்கள் என்று மாமியிடம் சொன்னார். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு, என்ன சாப்பிட்டவ என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கணவாய் திண்டவள். இறாலும் திண்டவள். அதுகள் ஒண்டும் செய்யேல்லை. எறும்பு கொட்டினது" என்றார் மாமி.

டொக்டர் எழுதவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார், எறும்பு எல்லோருக்கும்தானே கடிக்கிறது, இவ்வளவு தூரம் வருமா அம்மா என்று. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். மாமி தன் வலக்கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். சுட்டுவிரல் சிவந்து, மொத்தமாக வீங்கி இருந்தது. படலையடியில் என் கழுத்திலிருந்து அந்த எறும்பை அவர் வெறுங்கையால் பிடித்து எடுத்திருக்கிறார். அந்த விரலால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறார், அந்தக் கையால்தான் என் கால்களைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

"இந்தா, எனக்கும் கொட்டினது. அதே எறும்புதான். எனக்கு விரல் வீங்கினது, அவ்வளவுதான். இவளுக்கு உயிர் போகப் பாத்தது. எங்களுக்கு ஒண்டும் செய்யாதது இவளுக்குச் செய்யும். எழுதுங்கோ தம்பி."

நான் அழுதேன். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் தொண்டை கிழியச் சொல்லிவந்ததை இன்னொருவர் வாய் சொல்லக் கேட்டால் அப்படித்தான் அழுகை வரும். டொக்டர் என்னைப் பார்த்தார், அந்த விரலைப் பார்த்தார், குனிந்தார். அவர் எழுதி முடிக்கும் வரைக்கும் மாமி அந்த விரலை மடக்கவில்லை.